கடன் மட்டுமா காரணம்? உழவர் தற்கொலையும் ஊரின் ஒட்டுறவும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கைப்படி, அந்த ஓராண்டில் வேளாண்மையை நம்பி வாழ்ந்த 10,786 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். இவர்களில் 4,690 பேர் சாகுபடியாளர்கள். 6,096 பேர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். 2019-இல் இந்த எண்ணிக்கை முறையே 5,957 ஆகவும் 4,324 ஆகவும் இருந்தது. நான்கே ஆண்டுகளில் வரிசை தலைகீழாகிவிட்டது. மொத்தத்தில் பத்தில் ஆறு இறப்புகள் மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களில் மட்டும் நேர்ந்தவை.

அறிக்கை வரும்போதெல்லாம் ஒரே விவாதம் நடக்கிறது. கடன்தான் காரணம் என்கிறது ஒரு தரப்பு. பருவமழை, விலை வீழ்ச்சி, விதை என்று பட்டியலிடுகிறது இன்னொரு தரப்பு. குடும்பத் தகராறும் குடிப்பழக்கமும்தான் என்று ஒதுக்கிவிடப் பார்க்கிறது மூன்றாம் தரப்பு. உழவியல் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு விளைச்சலையும் சாகுபடிச் செலவையும் கணக்கிடத் தெரியும். ஆனால் ஒரே பயிர், ஒரே கடன், ஒரே வறட்சியைச் சந்தித்த இரண்டு ஊர்களில் ஒன்று மட்டும் ஏன் இழப்பைத் தாங்குகிறது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. அதற்குச் சமூகவியலின் துணை வேண்டும்.

கடன் கணக்கு சொல்லாதது

முதலில் கடனையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் வேளாண் குடும்பங்களில் 50.2 விழுக்காடு கடனில் இருந்தன. ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் 74,121 ரூபாய். தமிழ்நாட்டில் கடனில் இருந்த குடும்பங்கள் 65.1 விழுக்காடு, ஆந்திரத்தில் 93.2 விழுக்காடு. அதாவது, கடன் என்பது இன்று சாகுபடியின் இயல்பான நிலை. கோடிக்கணக்கான குடும்பங்கள் கடனோடு வாழ்கின்றன. சிலர் மட்டுமே உடைந்துபோகிறார்கள்.

ஆவணக் காப்பகம் 2015-இல் சாகுபடியாளர்களின் இறப்புக்கான காரணங்களைத் தனியே பிரித்துக் கொடுத்தது. அந்த ஆண்டு இறந்த 8,007 பேரில் 38.7 விழுக்காட்டினருக்குக் கடன் அல்லது நொடிப்பும், 19.5 விழுக்காட்டினருக்கு விவசாயம் சார்ந்த சிக்கல்களும் காரணமாகப் பதிவாயின. குடும்பப் பிரச்சினை, நோய் ஆகியவை அடுத்து வந்தன. இறந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் 2 ஹெக்டேருக்கும் குறைவான நிலம் வைத்திருந்தவர்கள்.

இந்தக் காரணங்கள் தனித்தனிப் பெட்டிகளில் அடங்குபவை அல்ல. கடன்காரர் வீட்டு வாசலில் நின்றால் குடும்பத்தில் சண்டை வரும். கையில் பணம் இல்லாவிட்டால் நோய் முற்றும். எது காரணமாக எழுதப்படுகிறது என்பது எழுதுபவரைப் பொறுத்தது. எனவே, கடன் இருந்ததா என்று கேட்பதோடு நிற்காமல், கடன் வந்தபோது அந்த மனிதர் யாரோடு இருந்தார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

டர்கைம் காட்டிய இரண்டு கயிறுகள்

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் டர்கைம் 1897-இல் ‘தற்கொலை’ என்ற நூலை வெளியிட்டார். தற்கொலை முழுக்க முழுக்கத் தனிமனிதரின் மனம் சார்ந்தது என்று நம்பப்பட்ட காலம் அது. ஐரோப்பிய நாடுகளின் இறப்புப் பதிவுகளை ஒப்பிட்ட டர்கைம், ஒவ்வொரு சமூகத்திலும் தற்கொலை விகிதம் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறாமல் இருப்பதையும், சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவதையும் கவனித்தார். கத்தோலிக்கர்களைவிட புராட்டஸ்டன்ட் பகுதிகளில் அது கூடுதலாக இருந்தது. குழந்தைகளோடு குடும்பமாக வாழ்பவர்களிடம் குறைவாகவும், போர் நடக்கும் காலங்களில் இன்னும் குறைவாகவும் இருந்தது.

மனிதரைச் சமூகத்தோடு இரண்டு கயிறுகள் பிணைக்கின்றன என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். ஒன்று ஒட்டுறவு: நான் யாருக்கோ வேண்டியவன், எனக்கென்று சிலர் இருக்கிறார்கள் என்ற பிணைப்பு. மற்றொன்று வரைமுறை: எவ்வளவு எதிர்பார்க்கலாம், எது நியாயம் என்று சமூகம் வகுத்துத் தரும் எல்லை. இந்தக் கயிறுகள் தளர்ந்தாலும் ஆபத்து. அளவுக்கு மீறி இறுகினாலும் ஆபத்து. ஒட்டுறவு தளரும்போது மனிதர் தனித்துப் போகிறார். அது இறுகும்போது குழுவின் மானத்துக்காகத் தன்னையே அழித்துக்கொள்ளத் துணிகிறார். வரைமுறை குலையும்போது எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் இடையே பள்ளம் விழுகிறது. அது இறுகும்போது தப்ப வழியில்லாத அடைப்பில் சிக்கியதுபோல் ஆகிறார். டர்கைம் சொன்ன நான்கு வகைத் தற்கொலைகளும் இவைதான்.

அவருடைய முறைக்குக் குறைகள் உண்டு. ஒரு வட்டாரத்தின் சராசரியை வைத்து, அங்கே இறந்த ஒருவரின் மனத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் நம் ஊர்களைப் பார்ப்பதற்கு இந்த இரண்டு கயிறுகள் நல்ல கருவி.

வயலில் எது மாறியது?

ஏரிப் பாசனம் இருந்தவரை தண்ணீர் பொதுவான விஷயம். மதகைத் திறப்பதும், யார் வயலுக்கு எப்போது பாய்ச்சுவது என்பதும் ஊர் கூடி முடிவு செய்பவை. நீர்க்கட்டி அந்த முறையைக் காத்தார். குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். ஏரி வறண்டால் எல்லோருக்கும் வறட்சி. இழப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆழ்துளைக் கிணறு இந்தக் கணக்கை மாற்றியது. போர் போடுவது அவரவர் முடிவு, அவரவர் கடன். பக்கத்துத் தோட்டக்காரர் கூடுதல் ஆழத்துக்குத் துளையிட்டால் நம் கிணறு வற்றும். நேற்றுவரை தண்ணீரைப் பகிர்ந்தவர்கள் இன்று ஒரே நிலத்தடி நீருக்குப் போட்டியாளர்கள். போர் பொய்த்தால் லட்சக்கணக்கான ரூபாய் போகும். ‘அவன் தோட்டத்தில் தண்ணீர் வந்தது, எனக்கு வரவில்லை’ என்ற எண்ணம் இழப்பைத் தனிமனிதத் தோல்வியாக்குகிறது.

விதையும் அப்படித்தான். வீட்டுக் குதிரிலும் பக்கத்து வீட்டிலும் கிடைத்த விதை இன்று கடையிலிருந்து வருகிறது. எந்த மருந்து அடிக்கலாம் என்று சொல்பவரும், அதைக் கடனுக்குத் தருபவரும் பல இடங்களில் ஒரே கடைக்காரர். அறுவடையானதும் விளைபொருளை அவரிடமே போட வேண்டும் என்ற நிபந்தனையும் சில இடங்களில் உண்டு. உனக்கு ஒரு நாள் நான், எனக்கு ஒரு நாள் நீ என்று ஆள் மாற்றிக்கொண்ட வழக்கம் தேய்ந்து, அந்த இடத்துக்கு இயந்திர வாடகை வந்துவிட்டது. இவற்றில் பல மாற்றங்கள் விளைச்சலைக் கூட்டின, உடலுழைப்பைக் குறைத்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கூட்டு முடிவைத் தனி முடிவாக மாற்றியது. ஆதாயம் பிரிந்ததுபோலவே இழப்பும் பிரிந்து, ஒரே ஒருவரின் தலையில் இறங்குகிறது.

ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் நடந்த தற்கொலைகளை ஆராய்ந்த மானுடவியலாளர் ஏ.ஆர்.வாசவி 1999-இலும், பிறகு 2012-இல் வெளியான நூலிலும், வேளாண்மை தனிமனிதச் சூதாட்டமாக மாறியதைச் சுட்டிக்காட்டினார். மகாராஷ்டிரத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் பி.பி.மோகந்தி, டர்கைமின் கருத்துகளை நேரடியாகப் பொருத்திப் பார்த்து, உழவர்கள் தம் சமூகத்திலிருந்து அந்நியப்பட்டதை முக்கியக் காரணமாகக் கண்டார். ஜோனதன் கென்னடி, லாரன்ஸ் கிங் ஆகியோரின் 2014 ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது: பணப்பயிர், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், கடன் ஆகிய மூன்றும் சேர்ந்த உழவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில்தான் தற்கொலை விகிதம் உயர்ந்திருக்கிறது. சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தனியாகச் சந்திக்கும் சிறு உழவரே அதிகம் சிக்கிக்கொள்கிறார் என்று இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கலாம்.

விலை ஏறியதும் ஓர் ஆபத்து

டர்கைமின் கருத்துகளில் பலருக்கு வியப்பளிப்பது, திடீர்ச் செழிப்பும் தற்கொலையைக் கூட்டும் என்பது. கேரளத்தின் வயநாடு இதற்கு அருகிலுள்ள சான்று. 1990-களில் மிளகு விலை உச்சத்துக்குப் போனது. வீடு, கல்வி, திருமணம் எல்லாம் அந்த விலையை நம்பித் திட்டமிடப்பட்டன. 2000-க்குப் பிறகு மிளகும் காப்பியும் ஒன்றாக விலை சரிந்தன. மிளகுக் கொடிகளை வாடல் நோயும் தாக்கியது. வருமானம் இறங்கியது, உயர்ந்துவிட்ட எதிர்பார்ப்புகள் இறங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் வயநாட்டில் தற்கொலைகள் பெருகின.

கேரளம் சும்மா இருக்கவில்லை. 2006-இல் சட்டம் இயற்றி விவசாயிகள் கடன் நிவாரண ஆணையத்தை அமைத்தது. கடன்காரரும் கடன் கொடுத்தவரும் ஒரு பொது மன்றத்தின் முன் உட்கார்ந்து பேச அது வழி செய்தது. பணத்தைத் தள்ளுபடி செய்வதைப் போலவே, தனி வீட்டின் அவமானத்தைப் பொதுப் பிரச்சினையாக மாற்றுவதும் முக்கியம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒட்டுறவே சுமையாகும்போது

‘பழைய கிராமத்துக்குத் திரும்பினால் போதும்’ என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஏரிக்கரையில் கூடிய ஊர், சேரியைச் சேர்த்துக்கொண்டு கூடிய ஊர் அல்ல. நிலமில்லாதவருக்குத் தண்ணீர் முறையில் பேச்சுரிமை இல்லை. பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த ஒட்டுறவு சிலரைத் தாங்கியது, பலரை அழுத்தியது.

நெருக்கம் மிகுந்த இடத்தில் அவமானமும் மிகுதி. நாலு பேர் முன்னிலையில் கடனைக் கேட்டுவிட்டால், வங்கி நோட்டீஸை விட அது ஆழமாகத் தைக்கிறது. ஆந்திரத்தில் 2010-இல் நடந்ததை நினைவுகூர வேண்டும். நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்ற முறையில் கடன் கொடுத்தன. உதவிக்கென்று அமைந்த அதே குழு, வசூல் நாளில் அக்கம்பக்கத்தாரை நெருக்கடி தருபவர்களாக மாற்றியது. தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வரவே, அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் கட்டாயக் கடன் வசூலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது.

எனவே குழு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. அந்தக் குழு இழப்பைப் பகிர்கிறதா, பழியைப் பகிர்கிறதா என்று பார்க்க வேண்டும். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில், பெண்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சேர்ந்து பயிர் செய்கிறார்கள். அங்கே கடனோடு சேர்த்து உழைப்பு, முடிவு, விற்பனை எல்லாமே பொது. இழப்பு வந்தால் அது ஒருத்தியின் தோல்வி ஆவதில்லை.

எண்கள் மறைப்பவை

புள்ளிவிவரங்களையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் மேற்கு வங்கம், பிகார், ஒடிசா உள்ளிட்ட மாநிலங்களில் வேளாண் துறையில் ஒரு தற்கொலைகூட இல்லை என்று பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய மாநிலங்களில் பூஜ்ஜியம் என்பதை எந்த ஆய்வாளரும் அப்படியே ஏற்க மாட்டார். அதிகாரப்பூர்வப் பதிவு என்பதே சமூகம் எடுக்கும் ஒரு முடிவு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் 1967-இல் டர்கைமுக்கு எதிராக வைத்த வாதம் இங்கே பொருந்துகிறது. நெருக்கமான சமூகம் தற்கொலையைத் தடுக்கலாம், மறைக்கவும் செய்யலாம். நம் காவல் நிலையங்களிலும் செய்தித்தாள்களிலும் நெடுங்காலமாகப் புழங்கும் ‘வயிற்றுவலி தாங்காமல்’ என்ற தொடரை எத்தனை குடும்பங்கள் மானத்துக்காகச் சொல்லியிருக்கும்?

2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டபோதும் இதே குழப்பம்தான். காவிரிப் படுகையில் நேர்ந்த இறப்புகளில் எது தற்கொலை, எது அதிர்ச்சி மாரடைப்பு, எது சொந்தக் காரணம் என்ற தகராறிலேயே விவாதம் முடிந்துபோனது.

‘விவசாயி’ யார் என்பதும் சிக்கல்தான். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவரின் பெயர் பதிவேட்டில் இருக்காது. அவர் இறந்தால் கூலித் தொழிலாளர் கணக்கில் சேரலாம். அடங்கலில் பெயர் இல்லாததால் கூட்டுறவுக் கடனும் காப்பீடும் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை; கந்துக்காரரிடம்தான் போகிறார். சாகுபடியாளர் எண்ணிக்கை குறைந்து கூலித் தொழிலாளர் எண்ணிக்கை கூடியிருப்பதை, உழவர் துயரம் தணிந்ததாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு காரணம். பெண்களின் நிலையும் இதுவே. பட்டா கணவர் பெயரில் இருப்பதால், நாற்று நட்டுக் களை எடுத்த பெண் ‘இல்லத்தரசி’ என்றே பதிவாகிறார். 2022-இல் இல்லத்தரசி என்ற தலைப்பின் கீழ் பதிவான தற்கொலைகள் 25,309. இவர்களில் உழவுக் குடும்பத்துப் பெண்கள் எத்தனை பேர் என்று அந்த அட்டவணை சொல்லாது.

இலங்கை தரும் பாடம்

ஒட்டுறவை வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை உயிர்களைக் காக்க ஒரு வழியை இலங்கை காட்டியது. அங்கே 1995-இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கொடிய நச்சு வகுப்பைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகளை அந்நாடு படிப்படியாகத் தடை செய்தது. 2005-இல் விகிதம் லட்சத்துக்கு 24 ஆகப் பாதியாகக் குறைந்தது. தடைகளால் நெல் விளைச்சல் குறையவில்லை என்று பின்னர் வந்த ஆய்வும் காட்டியது. ஒரு மருந்து போனால் பயிர் போய்விடும் என்ற அச்சத்துக்கு இது தெளிவான பதில்.

இதே இலங்கையில், பூச்சிக்கொல்லியை வைத்துப் பூட்ட வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 180 கிராமங்களில் நடந்த அந்தப் பெரிய ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது: பெட்டியால் பயன் ஏதும் தெரியவில்லை. பாதுகாப்பைத் தனி வீட்டின் பொறுப்பில் விட்டபோது பலன் இல்லை. நாடு முழுவதற்கும் வரைமுறை வகுத்தபோது பலன் இருந்தது. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் மூன்றாவது வழியைச் சோதித்தனர். ஊருக்குப் பொதுவான கிடங்கில் ஆளுக்கொரு அறை கொடுத்துப் பூச்சிக்கொல்லிகளை வைக்கச் செய்தார்கள். உழவர்கள் இதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள் என்று 2013-இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வு சொன்னது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியக்கூடிய கொந்தளிப்பு. அந்த நேரத்தைக் கடக்க உதவினால், உறவுகள் தம் வேலையைச் செய்ய வாய்ப்புக் கிடைக்கிறது.

செய்யக்கூடியவை

முதலாவது, குழுக்களை மானியம் பெறும் பட்டியலாக மட்டும் நடத்தக் கூடாது. தமிழ்நாட்டின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18-இல் தொடங்கியபோது, 20 உழவர்களைக் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாகி, 5 லட்சம் ரூபாயில் இயந்திரங்கள் வாங்க வழி செய்யப்பட்டது. இயந்திரம் வாங்கியதோடு நின்றுவிட்ட குழுக்கள், மாதம் ஒருமுறை கூடி நிலத்தடி நீர், விதைப்புக் காலம், விற்பனை ஆகியவற்றைச் சேர்ந்து முடிவு செய்யும் இடமாக மாறலாம். குத்தகைதாரரும் பெண்களும் அதில் உறுப்பினராக வேண்டும்.

இரண்டாவது, பயிர் இழப்புக் கணக்கெடுப்பு. வெள்ளமோ வறட்சியோ வந்தால் வேளாண் அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் வயலைப் பார்க்கிறார்கள். எந்த வீடு இடிந்துபோய் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தகவல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக ஒரு வழி இருந்தால் போதும்.

மூன்றாவது, இறந்தவரின் குடும்பம். மகாராஷ்டிரத்தில் இப்படிக் கணவரை இழந்த 505 பெண்களிடம் மகளிர் விவசாயிகள் உரிமை மன்றம் 2018-இல் நடத்திய ஆய்வில், சுமார் 40 விழுக்காட்டினருக்கு நிலத்தின் மீது உரிமை கிடைக்கவில்லை என்று தெரிந்தது. இழப்பீட்டுக் காசோலையைவிட, பெயர் மாற்றப்பட்ட பட்டாவும் புதிய பயிர்க்கடனும் அந்தக் குடும்பத்தை ஊரோடு சேர்த்து நிறுத்தும்.

நான்காவது, நாம் ஒவ்வொருவரும். வழக்கமாக வருபவர் சந்தைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் வருவதை நிறுத்தினால், மாட்டையும் கருவியையும் காரணமின்றி விற்றால், ‘நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி’ என்று பேசினால், நேரில் போய் விசாரியுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று வெளிப்படையாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது; பேச வழி திறக்கும். சட்டத்துக்குப் பயந்து மறைக்கவும் தேவையில்லை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பழைய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த நியாயச் சட்டத்தில் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்கியிருக்கிறது.

மழையும் விலையும் உழவர் கையில் இல்லை. பொய்த்த போருக்கும் சரிந்த விலைக்கும் ஒருவரைத் தனியே பொறுப்பாளியாக்காமல் இருப்பது ஊரின் கையில் இருக்கிறது.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். அரசு உதவி எண்: 104. டெலி மானஸ்: 14416. சிநேகா: 044-24640050.)